ஒளியை மருந்தாக்கிய நீல்ஸ் ஃபின்சன்

தரங்கம்பாடி போயிருப்பீர்கள், கடலோரத்து டேனிஷ் கோட்டையையும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரை டென்மார்க்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, 1860 டிசம்பர் 15-ந் தேதி, டென்மார்க் ஆட்சியிலிருந்த பரோ தீவுகளில் பிறந்தவர்தான் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன். வெயிலே அபூர்வமான ஊர். நம்ம விருத்தாசலத்து சித்திரை வெயிலில் பாதியைக் கொடுத்தாலும் அங்கே திருவிழாதான்!

படிப்பில் இவர் ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. டென்மார்க்கில் சேர்த்த பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கி, அப்புறம் ஐஸ்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும்போது வயது 21; பதினைந்து பேரில் பதினோராவது இடம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

கோபன்ஹேகனில் மருத்துவம் படிக்கும்போதே ஈரல், இருதயம் இரண்டையும் பாதிக்கும் நோய் வந்துவிட்டது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். தங்கியிருந்த அறையோ வடக்குப் பார்த்தது, வெயில் வராது. வெயிலில் படுத்திருக்கும் பூனை, நிழல் நகர நகர எழுந்து மறுபடி வெயிலுக்கே போவதைப் பார்த்தார். ஒளியில் ஏதோ இருக்கிறது என்ற யோசனை அவருக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது.

1893-ல் அம்மை நோயாளிகளைச் சிவப்பு ஒளி மட்டும் உள்ள அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று எழுதினார். அது பின்னாளில் நிலைக்கவில்லை. நிலைத்தது அடுத்த வேலை. லூபஸ் என்று ஒரு தோல் காசநோய். மூக்கையும் கன்னத்தையும் அரித்துவிடும். அப்படிப்பட்ட முகத்தோடு யார் வெளியே வருவார்கள்? வேலை, கல்யாணம் எல்லாம் போச்சு. 1895-ல் கோபன்ஹேகன் மின் நிலையத்து இன்ஜினியர் ஒருவருக்குக் கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியைக் குவித்துச் சிகிச்சை செய்தார். புண் ஆறியது. மறு வருஷமே அவர் பெயரில் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது.

இங்கேதான் நம்ம செராமிக் பாடம் வருகிறது. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெருமளவு விழுங்கிவிடும், குவார்ட்ஸ் அப்படி விழுங்காது. அதனால் குவார்ட்ஸ் லென்ஸ். கதிரோடு வரும் சூட்டைத் தடுக்க நடுவில் தண்ணீர். இரத்தமும் ஒளியை மறைக்குமே! அதற்கு நர்ஸ் ஒருவர், குளிர்ந்த நீர் ஓடும் சிறு லென்ஸைப் புண்மேல் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தப் பழைய கருவிகளையே சோதித்தபோது, 340 நானோமீட்டருக்குக் கீழான கதிர்கள் அவற்றின் வழியே போகவே இல்லை. கிருமிக்குள் உள்ள போர்பிரின் என்ற பொருளை நீண்ட அலைக் கதிர்கள் தூண்டி, அதுவே கிருமியைக் கொன்றிருக்க வேண்டும் என்றார்கள். அவர் சொன்ன காரணம் முழுக்கச் சரியில்லை, ஆனால் ஆறிய முகங்கள் நிஜம்.

1903-ல் மருத்துவ நோபல் பரிசு. நேரில் போக உடம்பு இடம் தரவில்லை. சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. பரிசுப் பணத்திலும் ஒரு பகுதியை மருத்துவப் பணிக்கே கொடுத்துவிட்டார். தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கி, உப்பையும் நீரையும் அளந்து, உடலில் உப்பு சேர்வது பற்றி 1904-ல் கட்டுரை எழுதினார். அதே வருஷம் செப்டம்பர் 24-ல் காலமானார். வயது 43.

இந்தப் பாதையில் அறுபது வருஷம் கழித்து வந்தவர் ஹங்கேரியின் எந்த்ரே மெஸ்தர். 1967-ல் முடி மழித்த எலிகள்மேல் குறைந்த சக்தி லேசரைக் காட்டினார். முடி சீக்கிரம் வளர்ந்தது. அப்புறம் ஆறாத புண்களுக்குப் போனார். இன்றைக்கு ஈறு தேய்ந்தவர்களுக்கு மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுகிறார்களே, அந்த அண்ணத்துப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். காரம் பட்டால் உயிர் போகும். அதற்குச் சிவப்பு லேசர் காட்டிப் பார்க்கிறார்கள். சில ஆய்வுகளில் தோல் சீக்கிரம் மூடுகிறது, வலி குறைகிறது; சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த அலைநீளம், எத்தனை ஜூல் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஃபின்சனின் ஒளி கிருமியைக் கொன்றது. இது செல்லைத் தூண்டப் பார்க்கிறது. வேலை வேறு, குடும்பம் ஒன்று.