உருவப்படம் எழுதிய இரவிவர்மர்

வீணையேந்திய கலைமகளையும் தாமரைமேல் நின்ற திருமகளையும் சுவாமியறைப் படங்களிலே கண்டு வளர்ந்தோர் எம்மவருட் பலர். அவ்வடிவங்களை முதலில் எழுதியவர் இராஜா இரவிவர்மா என்பதும் பலரும் அறிந்ததே. ஆனால் அச்சுப்படம் அவர் வாழ்வின் பிற்கூறாகும். அதற்கு நெடுங்காலம் முன்னரே, உயிருள்ள மாந்தரை எதிரே இருத்தி அவர்தம் சாயலைத் துணியிலே நிறுத்தும் உருவப்பட ஓவியராக அவர் பெயர் பெற்றிருந்தார். அத்தொழிலை அவர் எவ்வாறு கைவரப் பெற்றார் என்பதே எமக்கு வியப்பளிக்கின்றது.

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆந் திகதி அவர் பிறந்தார். கரித்துண்டாற் சுவரிலே கிறுக்கிய சிறுவனைத் தண்டியாது, அக்கோடுகளில் உயிர் இருத்தலைக் கண்டவர் மாமனாராகிய இராஜராஜவர்மா. 1862இல் அவரே பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார்.

அரண்மனையிலே மதுரையிலிருந்து வந்த இராமசாமி நாயக்கர் என்னும் ஓவியர் இருந்தார். தைலவர்ணம் தீட்டும் நுட்பம் அவர் கைவசமிருந்தது. அரசகுடும்பத்தோடு உறவு பூண்ட இவ்விளைஞன் நாளை தமக்குப் போட்டியாவான் என்று கருதினார் போலும், கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை இரவிலே மறைவாக வந்து தாமறிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். இத்தமிழரின் பெயர் ஓவிய வரலாற்றின் ஓரத்திலேனும் நிற்பது எமக்கு மகிழ்ச்சியே. 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் அரசரையும் அரசியையும் எழுத வந்தார். அவரும் கற்பிக்க உடன்படவில்லை; அருகில் நின்று பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். பார்த்ததை அறைக்குச் சென்று தனித்துச் செய்து பார்த்தார் இரவிவர்மர். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செய்தி சிறிது உறுத்தவே செய்கின்றது.

உருவப்படம் எழுதுவோர் நேரே வர்ணத்திற் கைவைப்பதில்லை. முதலிலே பென்சிலாற் கோட்டுருவம் வரைவர். நெற்றிக்கும் நாசிக்கும் உள்ள அளவு, ஒளி விழும் பக்கம், கழுத்துத் திரும்பும் வகை என்பன அங்கேயே தீர்மானமாகும். அம்முன்வரைவு பிழைத்தால், பின்னர்ப் பட்டும் நகையும் எத்துணை பளபளப்பினும் எதிரே இருந்தவர் படத்தில் இரார். இரவிவர்மர் வரைந்த பென்சிற் சித்திரங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. இவற்றுக்குப் பொற்சட்டமில்லை, பதக்கமுமில்லை. ஆயினும் கை தயங்கிய இடமும் துணிந்த இடமும் இவற்றிலேதான் தெரியும்.

மேனாட்டிலும் இதுவே வழக்கு. 1883இலும் 1884இலும் சார்ஜன்ட் என்பார் கொத்ரோ என்னுஞ் சீமாட்டியை எழுதும்போது, பென்சிலாலும் நீர்வர்ணத்தாலும் பல முன்வரைவுகள் செய்து, எந்நிலையில் அவரை நிறுத்துவதென்று திணறினார். முடிந்த படத்தில் தோட்பட்டி ஒன்று நழுவியிருந்தமை பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. பின்னர் அதனைத் திருத்தி எழுதினார். முன்வரைவுகளோ இன்று அரும்பொருட்காட்சிச் சாலைகளிலே பேணப்படுகின்றன.

1870இல் கோழிக்கோட்டு நீதிபதி கிருஷ்ண மேனனின் குடும்பத்தை எழுதியதே இரவிவர்மர் கூலி பெற்றுச் செய்த முதற்படம் என்பர். 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தல் முடிக்கும் நாயர்ப் பெண்ணின் படம் பொற்பதக்கம் பெற்றது. அடுத்துச் சென்னைத் தேசாதிபதி பக்கிங்காம் கோமகனையும் அவர் எழுதினார். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் முன் பதினெட்டு முறை அமர்ந்தும் தமது சாயல் இதிற் பாதியளவுதானும் வாய்க்கவில்லை என்று கோமகன் வியந்ததாகச் சரித்திரம் எழுதியோர் கூறுவர். மறுக்கப்பட்ட மாணாக்கனுக்கு இதனினும் பெரிய பத்திரம் வேண்டுவதில்லை.

பரோடா மன்னருக்காகப் பதினான்கு புராணப் படங்கள் எழுத இசைந்தபோது, தம்பி இராஜராஜவர்மருடன் வடநாடெங்குஞ் சென்று மக்களின் உடையையும் முகத்தையும் ஆராய்ந்தார். அதன் பயனாகத் தமயந்தியும் சீதையும் சேலை உடுத்தனர். தேவியரின் முகம் மானிடப் பெண்களின் முகமாயிற்று என்று குறை கூறுவாருளர். குறை உண்மையே, உருவப்பட ஓவியருக்கு வேறு வழி தெரியாது. மைசூர் அரண்மனையிலுள்ள இசைமகளிர் படத்தில் பதினொருவர் உளர். பல நாட்டுப் பெண்கள். ஒவ்வொரு முகமும் தனித்தனியே நன்கு ஆராயப்பட்டது. ஆனால் ஒருவரையொருவர் நோக்குவாரிலர். தனித்தனி வரைந்து ஒன்று சேர்த்த தடம் அங்கே மறையவில்லை என்பது எமது எண்ணம்.

1893இற் சிக்காகோவிற் பதக்கமும், 1894இற் பம்பாயில் அச்சுக்கூடமும் வந்தன. அச்சுக்கூடம் புகழைத் தந்தது, கடனையும் தந்தது. ஈற்றில் அது ஜெர்மானியர் ஒருவர் கைக்கு மாறியது. 1901இல் உதயபுரியில், முன்னூறாண்டுக்கு முன் மறைந்த பிரதாபசிங்க மகாராணாவை எழுத நேர்ந்தது. எதிரே அமர ஆளில்லாத அவ்விடத்திற் பழைய சிற்றோவியங்களே துணையாயின.

இவ்வளவு வேலையிலும் பின்னணி எழுதியும், பயணங்களை நடத்தியும், நாட்குறிப்பு எழுதியும் உடனிருந்தவர் தம்பியே. 1905ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் இறந்தார். நீரிழிவால் தளர்ந்திருந்த தமையன் மைசூர் மன்னருக்கு ஏற்றுக்கொண்ட படங்களைத் தனித்து முடிக்கலானார். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, ஐம்பத்தெட்டாம் வயதில், இரவிவர்மரும் காலமானார்.