அஜந்தாவைப் படியெடுத்த ஆங்கில மாது

1909-ம் ஆண்டு. குளிர்காலம்.

அஜந்தா மலையில் ஓர் இருட்டுக் குகை. உள்ளே வவ்வால் நாற்றம். சுவர் முழுவதும் பழைய ஓவியங்கள். அவை மங்கிக்கொண்டும் உதிர்ந்துகொண்டும் இருந்தன.

அந்தச் சுவரின் முன்னால் ஓர் ஆங்கிலப் பெண்மணி கையில் தூரிகையோடு நின்றார். அவருக்கு வயது 57. சுவரில் இருந்த உருவங்களைக் கோடு பிசகாமல் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் அரசாங்க உத்தியோகஸ்தர் அல்ல. அவரை யாரும் வேலைக்கு அனுப்பவில்லை. அவருக்குச் சம்பளமும் கிடையாது. கடல் கடந்து தாமாக வந்தவர் அவர். பிறர் நாட்டுச் செல்வம் அழியக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

அவர் பெயர் கிறிஸ்டியானா ஹெரிங்காம்.

அஜந்தா அவருக்குப் புகழைக் கொடுத்தது. ஆனால் அந்தப் புகழை அவரால் அனுபவிக்க முடியவில்லை. அது ஏன்?

செல்வர் வீட்டுப் பெண்

கிறிஸ்டியானா 1852-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் பவல், பங்கு வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். கலைகளில் பிரியம் உள்ளவர். அந்தப் பிரியம் மகளுக்கும் வந்தது.

1880-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்மட் ஹெரிங்காம், லண்டனில் பெயர் பெற்ற டாக்டர். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. 1893-ம் ஆண்டு மூத்த மகன் இறந்துபோனான். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. எந்தச் செல்வத்தாலும் அந்தக் குறையை நிரப்ப முடியுமா?

கிறிஸ்டியானா வேலையில் இறங்கினார்.

இத்தாலி நாட்டில் 500 ஆண்டுகளுக்கு முன்பு சென்னினி என்ற ஓவியர் இருந்தார். வண்ணம் அரைப்பது எப்படி, சுவரைப் பதப்படுத்துவது எப்படி, முட்டையின் மஞ்சள் கருவில் வண்ணத்தைக் குழைப்பது எப்படி என்றெல்லாம் அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். கிறிஸ்டியானா அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. நூலில் சொன்ன முறைகளைத் தாமே செய்து பார்த்தார். 1899-ம் ஆண்டு அந்தப் புத்தகம் வெளியானது. மறந்துபோன பழைய முறை மறுபடியும் வழக்கத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்த அரிய ஓவியங்களை வெளிநாட்டுப் பணக்காரர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அவற்றைப் பொது மக்களுக்காக வாங்கி வைக்க ஒரு நிதி வேண்டும் என்று கிறிஸ்டியானா நினைத்தார். 200 பவுன் கொடுத்து அதைத் தொடங்கி வைத்தார். 1903-ம் ஆண்டு நிதிச் சங்கம் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில் ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய ஒரு படத்தை 45 ஆயிரம் பவுனுக்கு வாங்கி, லண்டன் தேசியச் சித்திரசாலைக்கு அது கொடுத்தது. அந்தச் சங்கம் இன்றும் நடந்து வருகிறது.

மலைக்குள் மறைந்த செல்வம்

அஜந்தாவில் வாகோரா என்ற ஆறு மலையைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. அந்த மலை குதிரை லாடம் போன்றது. அதைக் குடைந்து புத்த பிக்குகளுக்காகச் சுமார் 30 குகைகள் அமைத்தார்கள். மிகப் பழைய குகைகளுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓவியங்களில் பெரும்பாலானவை 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கல் சுவரின்மேல் முதலில் மண்ணைப் பூசினார்கள். மண்ணில் உமியும் நாரும் கலந்திருந்தன. அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணங்களால் எழுதினார்கள். காவி, மஞ்சள், பச்சை எல்லாம் மண்ணிலிருந்து கிடைத்தவை. கறுப்புக்கு விளக்குக் கரி. நீலக்கல் மட்டும் தூர தேசத்திலிருந்து வந்தது.

காலம் மாறியது. பிக்குகள் போய்விட்டார்கள். குகை வாசலைக் காடு மூடியது. 1819-ம் ஆண்டு, வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற சென்னைப் படை அதிகாரியின் கண்ணில் அந்தக் குகைகள் பட்டன.

அன்று முதல் அஜந்தாவின் புகழ் வளர்ந்தது. ஆபத்தும் வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் சுவரில் தங்கள் பெயரைக் கீறினார்கள். சிலர் ஓவியத்தையே பெயர்த்து எடுத்தார்கள்!

தீயில் வெந்த உழைப்பு

ஓவியங்கள் அழிவதற்குள் படியெடுக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. 1844-ம் ஆண்டு அந்த வேலை ராபர்ட் கில் என்பவரிடம் தரப்பட்டது. அவரும் சென்னைப் படையைச் சேர்ந்தவர்தான். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் அங்கேயே கிடந்து பாடுபட்டார். படங்கள் லண்டனுக்குப் போயின. அங்கே பளிங்கு மாளிகை எனப்படும் கண்ணாடிக் கட்டடத்தில் வைக்கப்பட்டன. 1866-ம் ஆண்டு அந்த மாளிகையில் தீப்பிடித்தது. ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாம் சாம்பலாயின.

பிறகு பம்பாய்ச் சித்திரப் பள்ளித் தலைவர் கிரிஃபித்ஸ், தம் மாணவர்களோடு வந்தார். 1872-ம் ஆண்டு தொடங்கிய வேலை 1885 வரை நடந்தது. அவர்கள் எழுதிய படங்களும் லண்டனுக்குப் போயின. அங்கே அவற்றிலும் பலவற்றைத் தீ தின்றது!

இதற்கிடையே குகையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. மங்கிய உருவங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று படியெடுக்க வந்தவர்கள் சுவரில் வார்னிஷ் பூசினார்கள். நாளடைவில் அந்த வார்னிஷே பழுத்துக் கறுத்து ஓவியத்தை மறைத்தது. நல்லது செய்யப் போய்க் கெடுதல் வந்தது.

மூன்றாவது முயற்சி

1906-ம் ஆண்டு வாக்கில் ஹெரிங்காம் அம்மையார் அஜந்தாவை முதன்முதலாகப் பார்த்தார்.

மற்றவர்கள் அங்கே அழகைப் பார்த்தார்கள். அம்மையார் அழகையும் பார்த்தார்; வேலையையும் பார்த்தார். காய்ந்த பூச்சின்மேல் வண்ணத்தைக் குழைத்து எழுதும் வித்தை அவருக்குக் கைவந்தது அல்லவா? இத்தாலி நாட்டு ஓவியர்களுக்கு 1,000 ஆண்டுகள் முன்பே இந்தியாவில் இந்த வித்தை உச்சத்தில் இருந்ததை அவர் கண்டார். அது கண்ணெதிரே உதிர்வதையும் கண்டார்.

தாமே படியெடுப்பது என்று முடிவு செய்தார்.

அது எளிய காரியம் அல்ல. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வர வேண்டும். பிறகு ரயில் பயணம். ஜல்காவ் நிலையத்திலிருந்து குகைகள் சுமார் 60 கிலோ மீட்டர். வெயில் காலத்தில் அங்கே வேலை செய்ய முடியாது. ஆகவே 1909-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு முறையும், அடுத்த குளிர்காலத்தில் மறு முறையும் வந்து தங்கினார்.

அஜந்தா அப்போது ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்தது. நிஜாம் அரசாங்கம் உதவி செய்தது. ஐதராபாத்திலிருந்து சையது அகமது, முகமது பசலுத்தீன் என்ற இரு ஓவியர்கள் வந்தார்கள். டாரதி லார்ச்சர் என்ற ஆங்கிலப் பெண்ணும் அம்மையாருக்குத் துணையாக வந்தார்.

கல்கத்தா இளைஞர்கள்

இந்தியர்களின் சொத்தை இந்திய இளைஞர்களும் படியெடுக்க வேண்டும் அல்லவா? கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்ற மாணவர்கள் வந்தார்கள். இவர்கள் அஜந்தாவுக்குப் போக வேண்டும் என்று தூண்டியவர்களில் சகோதரி நிவேதிதை முக்கியமானவர்.

நந்தலால் போஸ் வந்தார். அவருக்கு வயது 27. அசித் குமார் ஹால்தார் வந்தார். அவர் 20 வயதுகூட நிரம்பாதவர். சமரேந்திரநாத் குப்தாவும், மைசூரைச் சேர்ந்த வெங்கடப்பாவும் இந்தக் குழுவில் இருந்தார்கள்.

குகைக்குள் சூரிய வெளிச்சம் வாசல் வழியாக மட்டுமே வரும். உட்சுவர்கள் இருட்டில் இருக்கும். கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும். எங்கே வண்ணம் முடிகிறது, எங்கே அழுக்கு தொடங்குகிறது என்று நெடுநேரம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உதிர்ந்துபோன இடத்தைக் கற்பனையால் நிரப்பவும் கூடாது. இருப்பதை இருப்பது போலவே எழுத வேண்டும்.

நீலத் தாமரை ஏந்திய பத்மபாணி, பிச்சைப் பாத்திரம் ஏந்திவந்த புத்தர் முன்னால் நிற்கும் தாயும் பிள்ளையும், யானைகள், அரசிகள், பணிப்பெண்கள் என்று அந்தச் சுவர்களில் ஓர் உலகமே இருக்கிறது. சுவர்களின் முன்னால் அமர்ந்த இளைஞர்களுக்கு அவையே பள்ளிக்கூடம் ஆயின. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பெயர் தெரியாத ஓவியர்கள் ஆசிரியர்கள் ஆனார்கள்.

லண்டனில் ஒரு சண்டை

இந்த வேலை நடந்த அதே காலத்தில், 1910-ம் ஆண்டு, லண்டனில் ஒரு கூட்டம் நடந்தது. இந்தியாவில் உயர்ந்த கலை என்பதே கிடையாது என்று சர் ஜார்ஜ் பேர்ட்வுட் அங்கே பேசினார். ஒரு புத்தர் சிலையை வேக வைத்த பிண்டத்துக்கு ஒப்பிட்டு இழிவு செய்தார்.

கலை அறிந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டில் இந்தியக் கலைக்காக லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. இலங்கைத் தமிழரின் புதல்வரான ஆனந்த குமாரசாமியும், சென்னையிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளிகளை நடத்திய ஹேவலும் அதில் முன்னின்றார்கள். ஹெரிங்காம் அம்மையாரும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இந்தியாவில் உயர்ந்த கலை உண்டா என்ற கேள்விக்குச் சொல்லால் பதில் சொன்னவர்கள் பலர். அம்மையாரிடம் கண்ணால் காணும் பதில் இருந்தது. அது அஜந்தாவில் அவர் தாள் தாளாகச் சேர்த்தது.

மனத்தில் சூழ்ந்த இருள்

1911-ம் ஆண்டு வேலை முடிந்து அம்மையார் நாடு திரும்பினார். வெற்றியோடு திரும்பினார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அவர் மனம் கலங்கியிருந்தது. தம்மை யாரோ துரத்துகிறார்கள், துன்புறுத்த வருகிறார்கள் என்று அஞ்சத் தொடங்கினார். கணவரோ பெரிய டாக்டர். இருந்தும் அந்த நோயை அவரால் தீர்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அதற்குத் தக்க மருந்தும் இல்லை. அம்மையாரை மனநோய் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

1914-ம் ஆண்டு உலகப் போர் மூண்டது. எஞ்சியிருந்த ஒரே மகன் அந்த ஆண்டே போர்க்களத்தில் மாண்டான். அதே ஆண்டில் கணவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

1915-ம் ஆண்டு, அஜந்தாப் படங்கள் பெரிய புத்தகமாக வெளிவந்தன. இந்தியக் கலைச் சங்கம் அதை வெளியிட்டது. அட்டையில் லேடி ஹெரிங்காம் என்ற பெயர் இருந்தது. படியெடுத்தவர் மனநோய் இல்லத்தில் இருந்தார்.

அதன் பிறகு அவர் தம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. அவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களைக் கணவர் பெண்கள் படிக்கும் கல்லூரிகளுக்குக் கொடுத்துவிட்டார். 1929-ம் ஆண்டு அம்மையார் காலமானார். அஜந்தாவில் தூரிகை பிடித்த நாளுக்கும் சாவுக்கும் இடையே இருபது ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதி இருளில் கழிந்தது.

வீண் போகாத உழைப்பு

அம்மையாருடன் குகையில் உழைத்த இளைஞர்கள் என்ன ஆனார்கள்?

நந்தலால் போஸ், ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் கலைப்பள்ளித் தலைவராக இருந்து பல தலைமுறை ஓவியர்களை உருவாக்கினார். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்ட மூலப் பிரதியை அவரும் அவருடைய மாணவர்களும் சித்திரங்களால் அழகு செய்தார்கள். நந்தலாலும் ஹால்தாரும் 1921-ம் ஆண்டு குவாலியர் ராஜ்யத்தில் உள்ள பாக் குகைகளுக்குப் போய் அங்கே அழிந்துகொண்டிருந்த ஓவியங்களைப் படியெடுத்தார்கள். அஜந்தாவில் பழகிய கை அங்கே உதவியது.

வெங்கடப்பா கன்னட நாட்டின் புகழ் பெற்ற ஓவியர் ஆனார். சையது அகமது அஜந்தாவிலேயே குகைகளின் காப்பாளராகிப் பல ஆண்டுகள் உழைத்தார்.

நிஜாம் அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 1914-ம் ஆண்டு தொல்பொருள் இலாகாவை ஏற்படுத்தியது. 1920-ம் ஆண்டு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. உதிர இருந்த பூச்சுகளை அவர்கள் சுவரோடு ஒட்ட வைத்தார்கள். ஆனால் அவர்கள் பூசிய அரக்குப் பூச்சும் பிற்காலத்தில் மஞ்சளாகிவிட்டது! அதை மெல்ல மெல்ல நீக்கும் வேலையை இந்தியத் தொல்பொருள் துறையினர் பின்னர் மேற்கொண்டார்கள். 1983-ம் ஆண்டு அஜந்தா உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பழைய ஓவியத்தின்மேல் எதைப் பூசினாலும் ஒரு நாள் அது பாதகமாகலாம் என்பதை அஜந்தா கற்றுக் கொடுத்தது. ஹெரிங்காம் அம்மையார் சுவரில் வார்னிஷ் பூசி மினுக்கவில்லை. எதையும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. பார்த்தார், எழுதினார், உலகத்துக்குக் காட்டினார். 1909-ம் ஆண்டில் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதற்கு அவர் குழுவின் படங்கள் சாட்சி.

அஜந்தாவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போகின்றன. குழந்தைகள் அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிறார்கள். அதே சுவர்களின் முன்னால்தான் கடல் கடந்து வந்த ஒரு தாய் இரண்டு குளிர்காலம் நின்றார்.