கிரஹாம் ஹில்: ஒப்பந்தங்களும் புதுப்பிக்காத பத்திரங்களும்

போர்முலா வன் கார்ப் பந்தயங்கள் டிசம்பரில் முடிந்தால் மீண்டும் மார்ச் மாதத்தில்தான் தொடங்கும். இடையில் கார் ஓடாது, பேச்சு மட்டும் ஓடும். யார் எந்த அணிக்குப் போகிறார், யாருடைய இடம் காலியாகிறது, புதிய பையன் யார் என்பதுதான் அந்த மாதங்களின் பேச்சு. லூயிஸ் ஹமில்டன் அடுத்த வருடம் ஃபெராரிக்குப் போகிறார் என்ற செய்தி 2024 பெப்ரவரி 1ஆம் திகதி வந்தபோது, ஹரோவில் எம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் பேசினார்கள். எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டியில் நடக்கும் சங்கீதக் கதிரைதான் இது. ஒருவர் எழும்பினால் எல்லோரும் இடம் மாறவேண்டும், கடைசியில் ஒருவர் நிற்கவேண்டும்.

இந்தக் கதிரை விளையாட்டில் ஏறியும் இறங்கியும் வாழ்ந்த ஒருவரின் கதை ஹரோவைச் சுற்றியுள்ள இடங்களிலேயே நடந்தது. அவர் பெயர் கிரஹாம் ஹில். 1929 பெப்ரவரி 15ஆம் திகதி ஹாம்ப்ஸ்டெட்டில் பிறந்தவர். ஹெண்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். எங்கள் பிள்ளைகள் பலர் படிக்கும் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு பின்னாளில் சேர்ந்த கல்லூரி அது. பிறகு வாகனங்களுக்கான கருவிகள் செய்யும் கிறிக்கிள்வூட் ஸ்மித்ஸ் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். இடையில் கடற்படையில் கட்டாய சேவை. மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் இடது தொடை எலும்பு முறிந்து, அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

பின்னாளில் இரண்டு தடவை உலகச் சம்பியனான இவர் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தது 24 வயதில், 1953இல். பிராண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில் ஒரு சுற்றுக்கு 5 ஷில்லிங் என்று விளம்பரம் பார்த்து, ஒரு பவுணுக்கு 4 சுற்று ஓடினார். அந்த 4 சுற்றில் அவருடைய வழி தீர்மானமாகிவிட்டது. கையில் காசு இல்லை. சம்பளம் வேண்டாம், கார்களைத் திருத்தித் தருகிறேன், பதிலுக்கு ஓட விடுங்கள் என்பதுதான் அவர் செய்துகொண்ட முதல் ஏற்பாடு.

1954இல் அதே பிராண்ட்ஸ் ஹட்சிலிருந்து லண்டனுக்குத் திரும்ப அவருக்கு வாகனம் இல்லை. அன்று ஏற்றிக்கொண்டு வந்தவர் லோட்டஸ் கம்பனியைத் தொடங்கிய கொலின் சாப்மன். அப்போது லோட்டஸ் இருந்தது ஹோர்ன்சியில், சாப்மனின் தந்தையார் நடத்திய மதுச்சாலைக்குப் பின்னால். ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பவுண் கூலிக்கு ஹில் அங்கே மெக்கானிக்காகச் சேர்ந்தார். பின்னர் சாப்மனைக் கேட்டுக்கேட்டு சாரதியானார். 1958இல் மொனாக்கோவில் அவருடைய முதலாவது உலகச் சம்பியன் பந்தயம்.

லோட்டஸ் வேகமான கார், ஆனால் உடையும் கார். 1958, 1959 ஆகிய இரண்டு பருவங்களிலும் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதன்பின் இடம் மாறினார். 1960 பருவத்துக்கு பி.ஆர்.எம். அணிக்குப் போனார். பி.ஆர்.எம். அப்போது பல வருடங்களாகப் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த அணி. வெற்றி வராவிட்டால் அணியை மூடிவிடுவேன் என்று உரிமையாளர் 1962க்கு முன்னரே சொல்லிவிட்டார். ஹில் அந்த வருடம் நான்கு பந்தயங்களில் வென்றார். கடைசிப் பந்தயம் டிசம்பர் 29ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் எண்ணெய் ஒழுகி நின்றது. ஹில் முதல் தடவை உலகச் சம்பியனானார், அணியும் பிழைத்தது.

சாரதிகள் இடம் மாறுவது கணக்குப் பார்த்துத்தான். அணி பணத்தையும் அனுசரணையாளரையும் பார்க்கும். சாரதி எஞ்சினைப் பார்ப்பார், கார் உடையுமா என்று பார்ப்பார். அந்தக் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது: சாவு. 1966இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஹில்லுக்குக் கிடைத்த இடம், அதற்கு முந்திய மாதம் பிரான்சில் பரிசோதனை ஓட்டத்தில் இறந்துபோன வோல்ட் ஹன்ஸ்கெனுக்கு ஒதுக்கியிருந்த இடம். அந்தக் காரில் ஹில் வென்றார்.

1967 பருவத்துக்கு அவர் மறுபடி லோட்டசுக்குப் போனார். ஃபோர்ட் கம்பனி புதிய எஞ்சினுக்குப் பணம் போட்டிருந்தது. இரண்டு காரிலும் முதல்தரச் சாரதிகள் இருக்கவேண்டும் என்று அது விரும்பியது. ஒரு காரில் கிளார்க், மற்றதில் ஹில். இது சரிவருமா என்று பலரும் பேசினார்கள். 1968 ஏப்ரல் 7ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் கிளார்க் இறந்தார். அணியே உடைந்துபோயிருந்த நேரத்தில், ஐந்து வாரம் கழித்து நடந்த ஸ்பெயின் பந்தயத்தில் ஹில் வென்றார். அடுத்து மொனாக்கோவில் வென்றார். அந்த வருடக் கடைசியில் மெக்சிக்கோவில் வென்று இரண்டாம் தடவை சம்பியனானார். 1969இல் மொனாக்கோவில் ஐந்தாவது வெற்றி. 1993இல் அயர்டன் சென்னா ஆறாவது தடவை வெல்லும்வரை அங்கே ஹில்லின் 5 வெற்றிகளே சாதனை.

1969 ஒக்டோபரில் அமெரிக்காவின் வட்கின்ஸ் கிளெனில் நின்றுபோன காரை இறங்கித் தள்ளி மறுபடி ஓட்டினார். தானாகப் பட்டியைப் பூட்ட முடியவில்லை. சக்கரத்தில் காற்றுப்போய்க் கார் பிரண்டபோது தூக்கியெறியப்பட்டார், இரண்டு காலும் முறிந்தன. 40 வயது. இனி இவர் ஓடமாட்டார் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். சாப்மனின் அணியில் இடம் இல்லை. ரொப் வோக்கர் என்பவரின் சிறிய தனியார் அணியில் இடம் கிடைத்தது. ஐந்து மாதத்தில், 1970 மார்ச்சில், தென்னாபிரிக்காவில் ஓடி ஆறாவதாக வந்தார். பின்பு பிறபாம் அணி. 1972இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஹென்றி பெஸ்கரோலோவுடன் வென்றார். உலகச் சம்பியன் பட்டம், இண்டியனாபொலிஸ், லு மான் மூன்றையும் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஆனால் போர்முலா வன்னில் அவருக்கு நல்ல இடம் தர யாரும் முன்வரவில்லை. இடம் தராவிட்டால் சொந்தக் கடை திறப்பது எங்களுக்கும் தெரிந்த வழிதான். 1973இல் எம்பஸி சிகரெட் கம்பனியின் அனுசரணையோடு ஹில் சொந்த அணி தொடங்கினார். இதுவரை மேசையின் ஒரு பக்கம் இருந்து இடம் கேட்டவர், இப்போது மற்றப் பக்கம் இருந்து ஆட்களுக்கு இடம் கொடுத்தார். முதலில் மற்றக் கம்பனிகளின் கார்களை வாங்கி ஓட்டினார்கள். 1975இல் காரே அவர் பெயரில் வந்தது.

அந்த வருடம் ஸ்பெயினில் அவருடைய அணியின் கார் முன்னிலையில் ஓடியபோது பின்சிறகு உடைந்து தடுப்புக்கு அப்பால் பாய்ந்தது. அங்கே நின்றிருந்த சிலர் உயிரிழந்தார்கள், சாரதி காயப்பட்டார். அடுத்து மொனாக்கோவில், தான் 5 தடவை வென்ற இடத்தில், ஹில் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. யூலையில் சில்வர்ஸ்ரனில் விடைபெற்றார். 176 பந்தயங்கள், 14 வெற்றிகள்.

சொந்த இடத்தை இளைஞர்களுக்கு விட்டபின் அணி நிமிர்ந்தது. அவர் பிடித்த இருவரில் ஒருவர் அலன் ஜோன்ஸ். நான்கு பந்தயம் மட்டும் ஓடி, ஜேர்மனியில் ஐந்தாவதாக வந்தார். அடுத்த வருடம் வேறு அணிக்குப் போய், 1980இல் உலகச் சம்பியனானார். மற்றவர் 23 வயது ரொனி பிறைஸ். சுவீடனில் ஆறாவதாக வந்து புள்ளி எடுத்தவர். இங்கிலாந்தின் அடுத்த சம்பியன் இவராக இருக்கலாம் என்று பலரும் எண்ணினார்கள். 1976 பருவத்துக்கு அணியின் முழு நம்பிக்கையும் பிறைசும் புதிய காரும்தான்.

1975 நவம்பர் 29, சனிக்கிழமை. தென் பிரான்சின் போல் றிக்கார் ஓடுபாதையில் புதிய காரைப் பரிசோதித்துவிட்டு, ஹில் தன்னுடைய இரட்டை எஞ்சின் பைப்பர் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு எல்ஸ்றீ விமானத் தளத்துக்கு வந்தார். கூடவே பிறைஸ், அணி முகாமையாளர், காரை வடிவமைத்தவர், மெக்கானிக்குகள் இருவர். இரவு, கடும் பனிமூட்டம். தளத்துக்குச் சில மைல் முன்னால், ஆர்க்லியில் உள்ள கோல்ப் மைதானத்து மரங்களில் மோதி விமானம் எரிந்தது. ஆறு பேரும் இறந்தார்கள். ஹில்லுக்கு 46 வயது. ஆர்க்லி ஹரோவிலிருந்து காரில் போகிற தூரம்தான்.

இனி இந்தக் கதையில் பத்திரிகைகள் குறைவாகப் பேசிய பகுதி. கணக்கு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இதுதான் முக்கியம்.

விபத்தின் காரணத்தை விசாரணை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் பத்திரங்களைப் பற்றித் தெளிவாகச் சொன்னது. விமானம் முன்பு அமெரிக்காவில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு நீக்கப்பட்டிருந்தது, வேறு நாட்டிலும் பதியப்படவில்லை. ஹில்லின் அமெரிக்க விமானி அனுமதி காலாவதியாகியிருந்தது. பார்வைத் தெளிவு குறைந்த காலநிலையில் பறப்பதற்கு வேண்டிய பிரித்தானியத் தகுதிச் சான்றும் புதுப்பிக்கப்படவில்லை. இதனால் காப்புறுதி செல்லுபடியாகவில்லை.

ஹில் திறமையற்ற விமானி என்று இதற்குப் பொருள் இல்லை. பல வருடம் பறந்தவர். அந்தப் பத்திரங்கள் சரியாக இருந்திருந்தாலும் அன்றைய பனிமூட்டம் விலகியிருக்காது. ஆனால் அடுத்த நாள் காலையில் ஆறு குடும்பங்களின் நிலை வேறாக இருந்திருக்கும். இறந்தவர்களின் குடும்பங்களும் பிழைக்கவேண்டும். அவர்கள் ஹில்லின் ஆதனத்தின் மேல் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. காப்புறுதிக் கம்பனி கட்டவேண்டிய பணம் ஹில்லின் மனைவி பெற், மூன்று பிள்ளைகள் ஆகியோரின் பங்கிலிருந்து போனது. ஹேர்ட்போர்ட்ஷயரில் இருந்த பெரிய வீட்டை விற்றார்கள். இரண்டு தடவை உலகச் சம்பியனின் வீடு ஏறக்குறைய வெறுங்கையோடு நின்றது. அணியும் அத்தோடு முடிந்தது.

மகன் டேமனுக்கு அப்போது 15 வயது. கட்டட வேலையில் கூலியாளாகவும், லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டுபோய்க் கொடுப்பவராகவும் உழைத்துத்தான் அவர் பந்தயத்துக்குள் நுழைந்தார். அவருக்கும் கதவு திறந்தது ஒரு குளிர்காலத்தில். 1992இல் சம்பியனான நைஜல் மான்செல், அலன் புறொஸ்ற் தன் அணிக்கு வருவதைப் பொறுக்காமல் அமெரிக்கப் பந்தயங்களுக்குப் போய்விட்டார். அந்த இடம் யாருக்கு என்று உலகமே ஊகித்துக்கொண்டிருக்க, வில்லியம்ஸ் அணி தன்னுடைய பரிசோதனைச் சாரதியான டேமனுக்குக் கொடுத்தது. 1994 மே 1ஆம் திகதி அணித்தோழர் சென்னா இறந்தார். அதே மாதக் கடைசியில் ஸ்பெயினில் டேமன் வென்றார், தகப்பன் 26 வருடம் முன்பு செய்ததுபோல. 1996இல் உலகச் சம்பியனானார். ஆனால் அந்தப் பட்டத்தை வெல்ல முன்னரே, அடுத்த வருடம் அவருக்கு இடமில்லை என்று அணி தீர்மானித்திருந்தது. சங்கீதக் கதிரை யாருக்கும் இரக்கம் பார்ப்பதில்லை.

பந்தய உலகம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒப்பந்தம் என்ற ஒரு பத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஒருவர் எங்கே உழைப்பார், எவ்வளவு உழைப்பார் என்று அது சொல்லும். அவர் இல்லாவிட்டால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று சொல்லுகிற பத்திரங்கள் வேறு. அனுமதி, பதிவு, காப்புறுதி எதுவும் செய்தியாவதில்லை, அவை காலாவதியானாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் வீடுகளில் மினிகாப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்து வான் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயணிகளைக் காசுக்கு ஏற்றினால் அதற்கான காப்புறுதி வேறு, வீட்டுக்காரின் சாதாரண காப்புறுதி போதாது. வேலைக்கு ஆள் வைத்தால் அதற்கும் சட்டப்படி காப்புறுதி வேண்டும். தவணை கட்டினால் மட்டும் காணாது, அதில் எழுதியுள்ள நிபந்தனைகளும் நடைமுறையில் இருக்கவேண்டும். ஊரை விட்டு ஓடிவரும்போது உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மடியில் கட்டிக்கொண்டு வந்த சனம் நாங்கள். ஒரு தாள் இல்லாததால் எவ்வளவு அலைந்தோம் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகள் யார் எந்த அணிக்கு என்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு பின்னேரம் வீட்டுக் கோப்பை எடுத்து மேசையில் வையுங்கள். சாரதி அனுமதி, வாகனப் பதிவு, வாகனக் காப்புறுதி, ஆயுள் காப்புறுதி, மரணசாசனம் என ஒவ்வொன்றின் திகதியையும் பாருங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ, வளர்ந்த பிள்ளைக்கோ காட்டிவிடுங்கள். ஒரு மணித்தியால வேலைதான்.