பெரிய நகத்துக்குப் பேர் வெச்சாங்க... தோண்டி எடுத்த மேரிக்கு?

உங்க மோதிர விரலைக் கொஞ்சம் பாருங்க. அது மட்டும் உங்க உடம்பு நீளத்துக்கு வளர்ந்து, அதோட நுனியிலிருந்து கால் வரைக்கும் ஒரு தோல் விரிஞ்சிருந்தா? கிட்டத்தட்ட அதுதான் டெரோசாரோட இறக்கை. டைனோசர் காலத்தில் வானத்தில் பறந்த ஊர்வன இவை (டைனோசர்னு நினைச்சுக்காதீங்க, அதுக்கு உறவு, அவ்வளவுதான்). மீதி மூணு விரல்களும் இறக்கைக்கு முன்னால் குட்டியா நீட்டிக்கிட்டு இருக்கும். நுனியில் வளைஞ்ச நகம்.

அப்படிப்பட்ட நகங்களோடு ஓர் எலும்புக்கூடு, 1828 டிசம்பரில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறையிலிருந்து வெளியே வந்தது. அதுவரை ஜெர்மனிக்கு வெளியே டெரோசார் எலும்புக்கூடு கிடைச்சதே இல்லை. எடுத்தவர் மேரி ஆனிங். வயசு 29.

மேரி ஒரு தச்சரோட மகள். ஊருக்கு வர்ற சுற்றுலாப் பயணிகளுக்குப் புதைபடிவங்களை விற்பது அப்பாவோட உபதொழில். 1810-ல் அவர் இறந்தப்போ வீட்டில் மிஞ்சினது கடன்தான். மேரிக்கு அப்போ 11 வயசு. உபதொழிலே சோறு போடுற தொழிலாச்சு. அடுத்த வருஷம் அண்ணன் ஜோசப் கண்ணில் ஒரு பெரிய மண்டையோடு பட, மாசக்கணக்கில் தேடி அதோட உடம்பைக் கண்டுபிடிச்சார் மேரி. அதுதான் இக்தியோசார். விற்ற விலை 23 பவுண்டு.

இந்த வேலைக்கு சீசனே குளிர்காலம்தான். மழையும் புயலும் பாறைச் சரிவை உடைச்சுக் கீழே தள்ளும். அலை வந்து இழுத்துட்டுப் போறதுக்குள்ள பொறுக்கிடணும். 1833-ல் அப்படி ஒரு சரிவில், கூடவே திரிஞ்ச நாய் டிரே புதைஞ்சு செத்துப்போச்சு. மேரி தப்பினது மயிரிழையில்.

சரி, நகத்துக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் அந்த எலும்புக்கூட்டை ஆராய்ஞ்சு, 1829-ல் லண்டன் புவியியல் சங்கத்தில் அறிவிச்சார். தலையே இல்லாத எலும்புக்கூடு. பளிச்சுனு தெரிஞ்சது கை நகங்கள்தான். அதனால் 'மேக்ரோனிக்ஸ்'னு பேர் வெச்சார். கிரேக்க மொழியில் பெரிய நகம். பின்னாடி வேற மண்டையோடு கிடைச்சு, ரெண்டு விதப் பல் இருக்குன்னு தெரிஞ்சதும், ரிச்சர்ட் ஓவன் அதுக்கு 'டைமார்ஃபோடான்'னு புதுப்பேர் வெச்சார். ஆக, முழுப்பேர் டைமார்ஃபோடான் மேக்ரோனிக்ஸ். பல்லுக்கு ஒரு பேர், நகத்துக்கு ஒரு பேர்.

கண்டுபிடிச்சது மேரிதான்னு பக்லண்ட் சொன்னார், அதை ஒத்துக்கணும். ஆனா 1824-ல், மேரி எடுத்த பிளீசியோசாரைப் பத்தி அதே சங்கத்தில் கோனிபேர் பேசினப்போ, மேரி பேர் மருந்துக்குக்கூட வரலை. இத்தனைக்கும் அறிவியல் கட்டுரைகளைக் கையால நகல் எடுத்துப் படிச்சவர் மேரி. உடலமைப்பு புரியணும்னு மீன்களை அறுத்துப் பார்த்தவர். எலும்பை எடுத்துக்கொடுக்கும் வெறும் வியாபாரின்னு அவரைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

1847-ல் மார்பகப் புற்றுநோயால் இறந்தப்போ வயசு 47. அந்தச் சங்கத்தில் பெண்களை உறுப்பினராச் சேர்த்தது 1919-லதான். நகம் இப்போ லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு. இன்னமும் தலை இல்லாமல்தான்.