மூடி வைத்த சுவடி

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வை உரைப்போர், ஏடு தேடி அவர் அலைந்த அலைச்சலையே பெரிதும் உரைப்பர். கிடைத்த ஏட்டை அவர் மூடி வைத்த காலங்களை எண்ணிப் பார்ப்போர் குறைவு. 1898ஆம் ஆண்டு வெளிவந்த மணிமேகலைப் பதிப்பு, தேடலின் பயன் என்பதைக் காட்டிலும் காத்திருப்பின் பயன் என்பதே பொருந்தும்.

1855 பிப்ரவரி 19 அன்று உத்தமதானபுரத்தில் பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், அந்தாதியும் கலம்பகமும் கற்றுத் தேர்ந்த புலமை சீவக சிந்தாமணியின் முன் திகைத்து நின்றதும் தமிழுலகம் அறிந்த செய்திகள். சித்தன்னவாசலின் கற்படுக்கைகளையும் குகை ஓவியங்களையும் பக்கத்தில் வைத்திருக்கும் புதுக்கோட்டையார்க்குச் சமணம் அந்நியமான சொல்லன்று. ஆயினும் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்ப் பாடசாலைகளில் அச்சமயத்தின் கருத்துகளைச் சொல்லித்தர ஆளில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, மாணாக்கரைப் போல் அமர்ந்து கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாமல் காட்டிச் சென்ற மேற்கோள்களின் மூலம் தேடிப் புகுந்தவர், சங்க இலக்கியத்தின் வாயிலில் வந்து நின்றார். சிந்தாமணி அச்சேறி நிறைவுற்றது 1887இல்; இடையில் ஏழாண்டுகள் கழிந்திருந்தன.

மணிமேகலையோ வேறொரு வகையில் அவரைத் தடுத்து நிறுத்தியது. அதற்குப் பழைய உரை இல்லை. கேட்டறிய அயலில் பௌத்தரும் இல்லை. தமிழகத்தில் அச்சமயம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. சொல் புரிந்தது, சொற்றொடரும் புரிந்தது, பொருள் மட்டும் பிடிபடவில்லை. தருக்க முறைகளும், பிறப்பின் காரண காரியத் தொடரும், பிரம கணங்களின் பாகுபாடும் இருண்டே கிடந்தன. வேறொருவராயின் விளங்காத இடங்களை ஊகத்தால் நிரப்பி அச்சுக்குக் கொடுத்திருக்கக் கூடும். ஐயர் சுவடியை மூடி வைத்தார்.

மூடி வைத்துவிட்டு வாளா இருந்தாரல்லர். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1895இல் புறப்பொருள் வெண்பாமாலை என நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. இவற்றை மணிமேகலையினின்று விலகிச் சென்ற வழிகள் என்று கொள்வது பிழை. கோவலனும் மாதவியும் புகார் நகரும் இரட்டைக் காப்பியத்தின் முன் பகுதியில் தெளிவுபட்ட பின்னரன்றோ பின் பகுதியின் துறவுக்கு அடித்தளம் கிடைக்கிறது? ஒரு நூலை எடுத்து வைத்த இடைவெளியில் அந்நூலுக்குரிய கண்ணைப் பிற நூல்கள் திறந்து கொடுத்தன.

பௌத்தத்தைப் பொறுத்தவரை அக்கண்ணைத் திறந்தவர் மளூர் ரங்காசாரியர். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய அவர், வடமொழியும் ஆங்கிலமும் வல்லவர். மணிமேகலையின் சமயம் பௌத்தம் என உணர்ந்து, ஆங்கில நூல்களைப் படித்து அவற்றின் கருத்துகளைத் தமிழில் எடுத்துரைத்தார். ஆங்கிலப் பயிற்சியற்ற ஐயர் அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தமிழ்க் காப்பியமொன்றின் பொருள், மேனாட்டார் எழுதிய நூல்களின் வழியே தமிழ்ப் புலவரிடம் மீண்டு வந்தமை வியப்புக்குரியது. சற்றே வெட்கத்துக்கும் உரியது.

இதற்கிடையில், 1894இல், திருமயிலை சண்முகம் பிள்ளை மணிமேகலை மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். நூல் முதன்முதலில் கற்போர் கைக்கு வந்தமைக்கு அப்பெருமகனாருக்குத் தமிழர் கடமைப்பட்டுள்ளனர். தாம் நெடுநாள் பேணிய நூலைப் பிறர் முந்தி வெளியிட்டபோது மனம் சோர்வதோ பதறுவதோ இயல்பு. ஐயரின் பதிப்பு வெளிவர மேலும் நான்காண்டுகள் சென்றன. அது தாமே எழுதிய அரும்பதவுரையோடும், புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றிய கட்டுரைகளோடும் வந்தது. காத்திருந்த ஆண்டுகளின் விளைச்சல் அப்பக்கங்களில்தான் இருக்கிறது. எனினும் காத்திருப்பு இடரற்றதன்று. கறையானுக்குப் பொறுமை தெரியாது. ஓலை நாளுக்கு நாள் ஒடியும்.

அச்சான நூலையும் அவர் முடிந்த நூலாகக் கருதவில்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு இருபதாண்டுகள் கழித்து, 1907இல், திருத்தங்களுடன் வந்தது. புறநானூற்றின் இரண்டாம் பதிப்பு 1923இல். தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதி வெளியிட்டதோ இன்னும் நெடிய கதை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். மாணவர் எழுதிய சரித்திரத்தின் இரு பாகங்களும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. துயரம் ஆறி, செய்திகள் சேர்ந்து, எழுதுபவரும் முதியவராகிய பின் அமைந்த நிதானத்தை அந்நூலின் நடையில் காணலாம்.

தம் சொந்த வரலாற்றுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த என் சரித்திரம், எண்பத்தைந்து வயதை எட்டியவரின் கையெழுத்துப்படி. வார இதழுக்குக் கெடு உண்டு, எடுத்து வைத்துப் பின்னர் பார்க்க இடமில்லை. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் ஐயர் மறைந்தார். தொடர் முற்றுப்பெறாமல், மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டியே நின்றுபோயிற்று. நூல்வடிவில் அது 1950இல் வந்தது.