முன்ஷி என்னும் பெயர் வந்த வழி

நமது வியாபாரிகள் கோலாலம்பூருக்குக் கொள்முதலுக்குப் போனால் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தைத் தொடாமல் திரும்புவதில்லை. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் முன்ஷி அப்துல்லா சாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைச் சரக்கு மூட்டையுடன் நாம் எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். அவர் யாரோ ஒரு மலாய்ப் பெரியவர் என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தோம். புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் அவர்களைக் கூறுகின்றன. அது சரியே. ஆனால் அன்னாரின் வமிச வழியைத் தேடிப் போனால் அது நாகூரைத் தொடாமல் போவதில்லை.

லகாட்டில் நமது கடைக்கு வரும் பையன் ஒருவன், மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்பதைப் போல முன்ஷி என்பதும் நம்மவரின் குடும்பப் பெயரா என்று கேட்டான். உடனே பதில் சொல்ல நமக்கு வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அதன்பின் படித்தும் விசாரித்தும் அறிந்ததையே ஈண்டு எழுதுகிறோம்.

அப்துல்லா அவர்களுடைய பாட்டனாரின் தந்தை யமன் நாட்டு அரபியர். ஷைகு அப்துல் காதிர் என்பது பெயர். மார்க்கக் கல்வியும் மொழிக் கல்வியும் போதித்த ஆசிரியர். அவர் நாகூருக்கு வந்து, மாணவர்கள் சேர, அங்கேயே தங்கி, அவ்வூர்ப் பெண் ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டார். நான்கு ஆண் மக்கள் பிறந்தனர். தகப்பனார் மௌத்தான பின் மக்கள் கிழக்கே கடலேறினர். மூவர் சாவகத் தீவுகளின் பக்கம் போய் அங்கங்கே குடும்பமானார்கள். முஹம்மது இப்ராஹீம் என்பவர் மட்டும் மலாக்காவில் தங்கினார். அவரே அப்துல்லாவின் பாட்டனார்.

மலாக்காவில் இப்ராஹீம் மணந்த பெண்ணின் பெயரைப் பெரி ஆச்சி என்று மலாய் நூல்கள் எழுதுகின்றன. பிற மொழியாருக்கு அது விளங்காத பெயர். நமக்கோ பெரியாச்சி! வீட்டின் மூத்த பெண்மணியை அழைக்கும் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது என்பது நமது எண்ணம். பெரியாச்சியின் தகப்பனார் ஷைகு மீரா லெப்பை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அந்த அம்மையார் வெறுமனே வீட்டில் இருந்தவரல்லர். கம்போங் பாலியில் ஏறக்குறைய 200 பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணுமாக, குர்ஆனும் எழுத்தும் கற்பித்தவர். சந்ததியை யமன் நாட்டுப் பூட்டனாரிலிருந்து தொடங்கிச் சொல்லுவோர் இந்த ஆச்சியை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். கற்பிக்கும் தொழில் இந்தக் குடும்பத்தில் இரு பக்கத்திலும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அவர்களின் மகன் அப்துல் காதிர், அதாவது அப்துல்லாவின் வாப்பா. மலாக்காவின் உட்பகுதிகளில் வியாபாரம் செய்தார். போன இடங்களில் தொழுகையும் ஓதலும் சொல்லிக் கொடுத்தார். தமிழில் கணக்கெழுதவும் வல்லவர். 1785இல் சலாமா என்னும் பெண்மணியை மணந்தார். அந்த உம்மாவின் முன்னோர் கெடாவிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய இந்தியர்கள். மூத்த பிள்ளைகள் நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோயினர். பிறகு ஹிஜ்ரி 1211இல், அதாவது 1796இல், அப்துல்லா பிறந்தார்கள்.

நம் வியாபாரிகள் அவசியம் அறிய வேண்டியது இனிமேல்தான் வருகிறது. குர்ஆன் ஓதி முடித்த பையனை வாப்பா தமிழ் படிக்க ஓர் ஆசிரியரிடம் விட்டார். இரண்டரை வருஷம் படிப்பு. ஏன் தமிழ்? அக்கால மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம். வியாபாரக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், பேச்சு எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. துறைமுகத்தில் நம்மவர் அவ்வளவு பேர். இன்று நமது கடைகளில் மிஷின் கணக்குப் போடுகிறது. வாப்பா காலத்துப் பேரேட்டை எடுத்து நீட்டினால் நம் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. குறை சொல்லவில்லை, நாமும் ஒழுங்காகக் கற்றுக் கொடுக்கவில்லை.

தமிழுக்குப் பின் இந்துஸ்தானி. மலாக்காக் கோட்டையில் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்கள் இருந்தார்கள். பையன் அவர்களுக்குக் குர்ஆன் ஓதவும் மலாய் எழுதவும் சொல்லிக் கொடுத்து, அவர்களிடமிருந்து அவர்கள் மொழியைக் கற்றான். அந்தச் சிப்பாய்கள் வைத்த பெயர்தான் முன்ஷி. எழுத்தர், மொழி கற்பிக்கும் வாத்தியார் என்பது அதன் பொருள். அரபியில் பிறந்து பாரசீகத்தின் வழியாக இந்தியாவில் பரவிய சொல். ஆகவே இப்பெயர் யமனிலிருந்தும் வரவில்லை, நாகூரிலிருந்தும் வரவில்லை. மீசை முளைக்காத பையன் தன் உழைப்பால் சம்பாதித்தது.

அதன்பின் வாழ்க்கை வேகமாக ஓடியது. 1811இல் சாவகப் படையெடுப்புக்கு ஆயத்தமாக ராபிள்ஸ் துரை மலாக்காவில் இருந்தபோது அவரிடம் கடிதங்களைப் பிரதி எடுத்தார்கள். பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் இங்கிலீஷும் அச்சுத் தொழிலும் கற்றார்கள். மகன் மார்க்கத்தை விட்டுவிடுவானோ என்று வாப்பா பயந்து சினந்தார். பாதிரி அப்துல்லா என்று ஊரார் கேலி செய்ததும் உண்டு. அவர்களோ தொழுகையை விட்டவரல்லர். பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு 1835இல் பெயர்த்தார்கள். பையில் வாங்கிய தமிழ் வீண்போகவில்லை. 1838இல் கிளந்தானுக்குப் போய் வந்து அந்தப் பிரயாணத்தை எழுதினார்கள். தம் வாழ்க்கை வரலாறான ஹிகாயத் அப்துல்லாவை எழுதி 1849இல் அச்சிட்டார்கள். மேலே நாம் சொன்ன குடும்பச் செய்திகளெல்லாம் அந்நூலில் அவர்களே எழுதி வைத்தவை. எழுதாமல் விட்டிருந்தால் பெரியாச்சி யாரென்று இன்று ஒருவருக்கும் தெரிந்திராது.

1854இல் சிங்கப்பூரிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார்கள். வழி நெடுகக் குறிப்பு எழுதினார்கள். அது முற்றுப் பெறவில்லை. அவ்வாண்டிலேயே ஹிஜாஸ் மண்ணில் மௌத்தானார்கள். அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.

அவர்களின் மகன் முஹம்மது இப்ராஹீம், நாகூரிலிருந்து வந்த பாட்டனாரின் பெயரை உடையவர், ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தார். அவரும் பிரயாண நூல் எழுதினார். கோட்டைச் சிப்பாய்கள் எவருக்கும் அவர் பாடம் சொல்லிக் கொடுத்தவரல்லர். ஆயினும் இப்ராஹீம் முன்ஷி என்றே அவரை எல்லாரும் அறிந்தார்கள்.