திரிபுவன்தாஸ் படேலும் எருமைப் பாலும்

மீள்குடியேறி, ஒரு மாட்டோடு வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கிய குடும்பங்களோடு கதைக்கும்போதெல்லாம் எனக்குத் திரிபுவன்தாஸ் படேல் ஞாபகத்துக்கு வருவார். அமுல் என்றதும் எல்லோரும் வர்கீஸ் குரியனைச் சொல்வார்கள். அந்தக் குரியனை ஊரைவிட்டுப் போகாமல் மறித்து வைத்தவர் படேல்.

குஜராத்தின் ஆனந்தில் 1903இல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். 1945இல் பம்பாய் அரசு நகரத்துக்கான பாலை அவரது கெய்ரா மாவட்டத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. அதை வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்தின் கையில். அந்த வியாபாரத்தின் இலாபம் மாடு வளர்த்தவரிடம் வந்து சேரவில்லை. 1946இல் விவசாயிகள் 15 நாட்கள் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காமல் நின்றார்கள். அரசு இறங்கி வந்தது. அந்த டிசம்பரிலேயே கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. தலைவர் படேல்.

ஊர் ஊராகப் போய்ச் சங்கம் அமைத்தார். காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்பைப் பரிசோதித்து, அதற்கேற்பக் காசு கொடுக்கும் முறை அது. 1948இல் பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கியபோது நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர்தான் சேர்ந்தது.

பால் சேர்ந்தால் போதாது, இயந்திரம் தெரிந்த ஆளும் வேண்டும். அரசாங்க வேலைக்காக 1949இல் ஆனந்துக்கு வந்த குரியன், எப்போது கிளம்பலாம் என்றிருந்தார். படேல் கேட்டுக்கொண்டதால் தங்கினார். தன் நண்பர் தலாயாவையும் சேர்த்துக்கொண்டார். விவசாயிகளும் அரசியலும் படேலின் பொறுப்பு, நிர்வாகமும் சந்தையும் குரியனிடம், தொழிற்சாலை தலாயாவிடம். தனக்குத் தெரியாத வேலையில் படேல் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் உரிமை விவசாயியின் கையைவிட்டுப் போகவும் விடவில்லை. நம்மிடத்தில் பால் சேகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. விலை பேசும் மேசையில் மாட்டுக்காரருக்கு ஒரு கதிரை இருக்கிறதா?

குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தன. மிஞ்சிய பாலைப் பம்பாய் எடுக்கவில்லை. எருமைப் பாலில் பால்மா செய்யவே முடியாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். தலாயா செய்து காட்டினார். யுனிசெப் இயந்திரங்கள் தந்தது. பதிலுக்கு மாவட்டத்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்றியம் இலவசப் பால் கொடுத்தது. 1955 ஒக்டோபர் 31இல் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார்.

படேல் ஓய்வுபெற்றபோது உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாய் போட்டுச் சுமார் 6 இலட்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கிராமத்துத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு சுகாதார அறக்கட்டளையைத் தொடங்கினார். 1994இல் காலமானார்.